எல்மர் கீத்

எல்மர் மெரிஃபீல்ட் கீத் (மார்ச் 8, 1899 – பெப்ரவரி 14, 1984) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வல்லுநர், கால்நடைப் பண்ணையாளர், வேட்டை வழிகாட்டி, எழுத்தாளர் ஆவார். சுழல்துப்பாக்கிக்கான (ரிவால்வர்) தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் கலையை ஒழுங்குபட எழுதி வைத்தவர்களுள் முதன்மையானவர். .44 மேக்னம் என்னும் ஆற்றல் மிக்க தோட்டா உருவாகக் காரணமாக இருந்தவர் என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். எனினும் இவர் 1928 அளவில் வரைந்த ஈயக்குண்டின் வடிவம், மிகக் குறைந்த வெடிமருந்துடன் தாள் இலக்கை நோக்கிச் சுடுவோருக்கும் அதே அளவு பயன்பட்டது. வலிமையை நாடிய ஒருவரின் உழைப்பு மென்மையான தோட்டாவை விரும்புவோருக்கும் உதவிய கதையாக இவரது வாழ்க்கை அமைந்துள்ளது.

இளமை

கீத் மிசூரி மாநிலத்தின் ஹார்டின் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் பின்னர் மொன்ட்டானா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதளவில், மிசூலா நகரில் குடும்பத்தார் தங்கியிருந்த விடுதியில் ஏற்பட்ட தீவிபத்தில் கீத் கடுமையாகத் தீக்காயமுற்றார். முகமும் தோளும் இடது கையும் வெந்து போயின. பிழைப்பார் என மருத்துவர்கள் எதிர்பார்க்கவில்லை. தோல் இறுகியதால் இடது கை மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. அதனை நேராக்க மருத்துவர்கள் முன்வராதபோது வீட்டாரே அதனைச் செய்தனர் என்று பின்னாளில் தம் தன்வரலாற்றில் கீத் எழுதினார். அந்தக் கையைக் கொண்டே அவர் பிறகு குதிரைகளை அடக்கினார், துப்பாக்கியும் பிடித்தார்.

அவர் வளர்ந்த காலத்தில் மொன்ட்டானாவில் பழைய மேற்கின் மனிதர்கள் பலர் உயிருடன் இருந்தனர். உள்நாட்டுப் போரில் பங்கேற்ற முதியவர்களிடமும் எருமை வேட்டைக்காரர்களிடமும் சிறுவன் கீத் துப்பாக்கிப் பழக்கத்தைக் கேட்டறிந்தார். 1920களில் ஒகையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் நடைபெறும் தேசியத் துப்பாக்கிச்சுடும் போட்டிகளில் கலந்துகொண்டார். 1926இல் லொரெய்ன் ராண்டல் என்பவரை மணந்தார். ஒரிகன் மாநிலத்தின் டர்க்கீ என்னும் இடத்தில் பண்ணை நடத்திய பின்னர், ஐடகோ மாநிலத்தில் சாமன் ஆற்றங்கரையில் குடியமர்ந்தார்.

தோட்டாவை மீள நிரப்புதல்

கீத்தின் பணியைப் புரிந்துகொள்ளத் தோட்டாவின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன: பித்தளை உறை, அதன் அடியில் பதிக்கப்படும் பற்றவைப்பு மூடி (பிரைமர்), வெடிமருந்து, வாயில் செருகப்படும் குண்டு. சுட்டபின் மருந்தும் குண்டும் போய்விடுகின்றன. விலை மிகுந்த பித்தளை உறை மட்டும் கையில் எஞ்சுகிறது. பழைய மூடியைத் தட்டி வெளியேற்றி, விரிந்த உறையை அச்சில் இட்டுச் சுருக்கி, புதிய மூடி பதித்து, அளந்த மருந்தைக் கொட்டி, புதிய குண்டைச் செருகி, வாய்விளிம்பை இறுக்கினால் அதே உறை மீண்டும் தோட்டாவாகிறது. 1880களிலேயே, கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ நிறுவிய ஐடியல் நிறுவனம் இதற்கான இடுக்கி போன்ற கைக்கருவியை விற்றது. கடைகள் தொலைவில் இருந்த மேற்கு மாநிலப் பண்ணைகளில் இது பொழுதுபோக்கன்று, சிக்கனம்.

குண்டையும் வீட்டிலேயே வார்த்தனர். ஈயத்தை உருக்கி, கெட்டிப்படுவதற்காகச் சிறிதளவு வெள்ளீயம் சேர்த்து, இரும்பு அச்சில் ஊற்றினர். சுருக்கம் விழுந்த குண்டும் விளிம்பு நிரம்பாத குண்டும் மறுபடி கொப்பரைக்கே சென்றன. பின்னர் குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த மசகு பூசப்பட்டது. மசகு இல்லாவிடில் ஈயம் குழலின் புரிகளில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த குண்டுகளின் பாதையைக் கெடுத்துவிடும்.

பற்றவைப்பு மூடியின் வேதியியலும் தமிழ்நாட்டு வாசகருக்கு அந்நியமானதன்று. குடியாத்தம், சிவகாசி ஆகிய ஊர்களின் தீக்குச்சித் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டே பழைய பற்றவைப்பு மூடிகளிலும் இருந்தது. எரிந்தபின் அது உப்பாக மாறிக் குழலினுள் படியும். காற்றின் ஈரத்தை ஈர்த்து ஓரிரு நாளில் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது. 1920களின் இறுதியில் துருப்பிடிக்கச் செய்யாத மூடிகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோதே இத்தொல்லை குறையத் தொடங்கியது.

1925ஆம் ஆண்டு விபத்து

கீத்தின் வாழ்வில் திருப்பத்தை ஏற்படுத்திய நிகழ்வு 1925 சூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலை நாளன்று நிகழ்ந்தது. விழாவைக் கொண்டாட அவர் தமது .45 கோல்ட் சுழல்துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டார். அதில் இருந்தவை அவரே நிரப்பிய தோட்டாக்கள். நீள்துப்பாக்கிக்கென வார்க்கப்பட்ட கனமான குண்டையும், மேலும் நுண்மையாக இடித்த கரிமருந்தையும் அவற்றில் இட்டிருந்தார். சுட்டுக்கொண்டிருக்கையில் உருளையின் மேற்பாதியும் சட்டத்தின் மேற்பட்டையும் பிய்த்துக்கொண்டு போயின. பெருங்காயமின்றி அவர் தப்பியது தற்செயலே.

காரணங்கள் அனைத்தும் அவர் கையாலேயே சேர்ந்தவை. கனமான குண்டு நகரத் தாமதிக்கும். அதற்குள் பின்னால் அழுத்தம் ஏறும். மருந்தை நுண்மையாக இடித்தால் எரியும் பரப்பு பெருகி, அழுத்தம் இன்னும் விரைந்து ஏறும். அத்துடன் அந்தத் துப்பாக்கியின் உருளையில் .45 அளவிலான ஆறு அறைகளைத் துளைத்தபின் எஞ்சும் எஃகுச் சுவர் மெல்லியது. இம்மூன்றும் ஒரே நேரத்தில் கூடின.

கீத் இந்த விபத்தை மறைக்கவில்லை. அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிக் கழகத்தின் 'அமெரிக்கன் ரைஃபிள்மேன்' இதழ் வாயிலாக அதனை வாசகர்களிடம் கொண்டுசென்றார். தொடர்ந்து .45ஐக் கைவிட்டு .44 ஸ்பெஷல் என்னும் தோட்டாவுக்கு மாறினார். அதே அளவு உருளையில் சற்றுச் சிறிய துளை என்பதால் சுவர் தடிப்பாகும் என்பதே அவரது கணக்கு. .44 ஸ்பெஷல் 1907 அளவில் வெளிவந்தது. 1870களின் தொடக்கத்தில் ருசியப் படைக்காகச் செய்யப்பட்ட.44 ரஷியன் தோட்டாவின் நீட்டிய வடிவம். தொழிற்சாலைகள் அதனை மென்மையாகவே நிரப்பின. துல்லியத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. கீத் அதில் துல்லியத்தோடு வலிமையையும் தேடினார்.

கீத் வடிவக் குண்டு

அக்காலச் சுழல்துப்பாக்கிக் குண்டுகள் பெரும்பாலும் உருண்டை மூக்குடையவை. தாள் இலக்கில் பட்டால் அவை தாளைக் கிழித்துக்கொண்டு செல்லும். துளையின் ஓரம் பிசிறாக இருக்கும். கோட்டைத் தொட்ட துளைக்கு உயர்ந்த மதிப்பெண் தரப்படும் போட்டிகளில் பிசிறான துளை நடுவருக்கும் போட்டியாளருக்கும் இடையே வழக்கை உண்டாக்கும். இதற்காகவே இலக்குச் சுடுவோர் முற்றிலும் தட்டையான முகமுடைய, 'வாட்கட்டர்' எனப்படும் குண்டை ஏற்கெனவே பயன்படுத்திவந்தனர். அலுவலகத் துளைப்பான் தாளை வெட்டுவதுபோல அது வட்டமாக வெட்டிச் செல்லும். ஆனால் ஏறத்தாழ ஐம்பது மீட்டருக்கு அப்பால் அது நிலை தடுமாறத் தொடங்கும்.

கீத் இரண்டுக்கும் நடுவில் ஒரு வடிவத்தை வரைந்தார். முன்னே நீண்டு, நுனி தட்டையான மூக்கு. அதன் பின்னே சட்டென அகன்று நிற்கும் கூரிய தோள். தோளை அடுத்து, துப்பாக்கியின் துளை அளவுக்கே அமைந்த அகன்ற முன்பட்டை. உறையின் வாயை இறுக்க ஒரு பள்ளம். மசகுக்காகச் சதுர வெட்டில் ஆழமான மற்றொரு பள்ளம். அடியில் அகன்ற பட்டை. தோள் தாளைச் சுத்தமாக வெட்டியது. நீண்ட மூக்கு குண்டைத் தொலைவிலும் நிலையாகப் பறக்கச் செய்தது. முன்பட்டை உருளையின் வாயில் பொருந்தி அமர்ந்ததால் குண்டு குழலுக்குள் கோணாமல் நுழைந்தது.

ஐடியல் நிறுவனத்தை 1925இல் வாங்கியிருந்த லைமன் நிறுவனம் இவ்வடிவத்துக்கான அச்சுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. .44க்கான 429421, .38க்கான 358429, .45க்கான 454424 என்னும் அச்சு எண்களை மீள நிரப்புவோர் நெடுங்காலம் மனப்பாடமாகச் சொல்லி வந்தனர். 'செமி வாட்கட்டர்', அதாவது பாதித் தட்டைக்குண்டு, என்ற பொதுப்பெயரில் இவ்வகை வழங்குகிறது. பிற்காலத்தில் பல நிறுவனங்கள் மசகுப் பள்ளத்தை வளைவாகவும் முன்பட்டையைக் குறுகலாகவும் மாற்றி, கீத்தின் பெயரிலேயே விற்றன. வளைந்த பள்ளம் இருந்தால் குண்டு அச்சிலிருந்து எளிதில் கழன்று விழும் என்பதுதான் காரணம். கீத் இதனைக் கடுமையாக எதிர்த்தார். தொழிற்சாலையின் வசதிக்காகக் குண்டின் வேலை குறைக்கப்பட்டது என்ற அவரது குறை நியாயமானதே.

மென்மையான நிரப்பு

கீத்தின் பெயர் பேராற்றலோடு இணைத்துப் பேசப்பட்டாலும், அவரது 1936ஆம் ஆண்டு நூலான 'சிக்ஸ்கன் கார்ட்ரிட்ஜஸ் அண்ட் லோட்ஸ்' அனைத்து வகைச் சுழல்துப்பாக்கித் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டது. தாமஸ் சாம்வொர்த் என்னும் பதிப்பாளர் இதனை வெளியிட்டார். கீத்தின் வடிவக் குண்டு கனமான மருந்தோடு மலைமானுக்கும், மெல்லிய மருந்தோடு தாள் இலக்குக்கும் உதவியதால், ஒரே அச்சை வைத்திருந்த ஏழைப் பண்ணையாளர்கூட இரண்டு வேலைகளையும் பார்த்துக்கொள்ள முடிந்தது.

இலக்குச் சுடுதலில் மென்மையான நிரப்பு விரும்பப்படுவதற்குக் காரணம் எளிது. பின்னுதைப்பும் ஓசையும் மிகுந்தால், அடுத்த விசையை இழுக்கும் முன்பே கை தானாக ஒடுங்கும். இந்தக் கூச்சத்தை மன உறுதியால் மட்டும் வெல்ல இயலாது. உதைப்பைக் குறைப்பதே வழி. .38 ஸ்பெஷல் தோட்டாவின் வழக்கமான இலக்குக் குண்டு 148 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9.6 கிராம் எடையுடையது. நொடிக்கு இருநூற்றுச் சொச்சம் மீட்டர் விரைவிலேயே செல்கிறது. அதனைச் செலுத்தும் மருந்தின் எடை இரண்டு குன்றிமணிக்கும் குறைவு. விரைந்து எரியும் 'புல்ஸ்ஐ' என்னும் மருந்து, இலக்கின் மையப்புள்ளியைக் குறிக்கும் தன் பெயருக்கேற்ப, இத்தகைய நிரப்புக்கு மிகுதியாகப் பயன்பட்டது.

ஆனால் மென்மையான நிரப்பு எளிதான நிரப்பன்று. .38 ஸ்பெஷல், .44 ஸ்பெஷல் போன்ற உறைகளின் கொள்ளளவு, இடம் நிறைய எடுத்துக்கொள்ளும் கரிமருந்தின் காலத்து வழக்கத்தை ஒட்டியது. புகையற்ற புதிய மருந்தைச் சிறிதளவு இட்டால் உறையின் பெரும்பகுதி வெற்றிடமாகவே இருக்கும். துப்பாக்கியைத் தாழ்த்தி உயர்த்தும்போது மருந்து முன்னும் பின்னும் சரியும். பற்றும் விதம் மாறும். குண்டின் விரைவும் மாறும். இதனால் சில போட்டியாளர்கள் ஒவ்வொரு முறையும் குழலை முதலில் மேல்நோக்கி உயர்த்தி, மருந்தைப் பின்புறம் சேர்த்த பின்னரே இலக்குக்கு இறக்கினர். தட்டைக்குண்டை உறையின் வாய்மட்டம்வரை ஆழமாகச் செருகுவதும் வெற்றிடத்தைக் குறைக்கும் உத்தியே.

அதைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. ஒரு பங்கு மருந்து உறையின் அடியில் சற்றே படிந்து கிடப்பதால், கவனக்குறைவில் இரண்டாம் பங்கும் கொட்டிவிட்டால் வெளியே தெரியாது. மென்மையான தோட்டா என்று நம்பிச் செய்தது துப்பாக்கியையே பிளந்துவிடும். மாறாக மருந்தே விழாமல் போனால், மூடியின் சிறு வெடிப்பு குண்டைக் குழலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும். இதனால் மருந்து இட்ட உறைகளை மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு செருகுமுன் ஒவ்வொன்றிலும் விளக்கொளி பாய்ச்சி மருந்தின் மட்டத்தைக் கண்ணால் ஒப்பிடும் வழக்கம் நிலைபெற்றது. துல்லியமும் இதே பொறுமையிலிருந்தே கிடைத்தது: ஒரே எடைக் குண்டு, ஒரே நீள உறை, ஒரே அளவு இறுக்கம், துப்பாக்கியின் உருளை வாயை அளந்து அதற்கேற்ற விட்டம்.

மேக்னம் தோட்டாக்கள்

1935இல் ஸ்மித் அண்ட் வெஸன், வின்செஸ்டர் நிறுவனங்கள் .357 மேக்னம் தோட்டாவை அறிமுகப்படுத்தின. இதன் பெருமை பிலிப் ஷார்ப் என்னும் எழுத்தாளருக்கும் டக்ளஸ் வெஸனுக்கும் பெரிதும் அளிக்கப்பட்டது. .38 தோட்டாவில் தாம் முன்பே செய்த ஆய்வுகள் மறைக்கப்பட்டன என்ற மனக்குறை கீத்துக்கு இருந்தது.

.44ஐப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இதழ்களிலும் மடல்களிலும் அவர் தொழிற்சாலைகளை வற்புறுத்தினார். தம் நிரப்புகளால் சுடப்பட்ட .44 ஸ்பெஷல் துப்பாக்கிகள் சிதையவில்லை என்று அவர் காட்டியபோதும், ஆட்களிடம் இருந்த பழைய துப்பாக்கிகளில் அதே தோட்டாவை யாரேனும் இட்டுவிடுவர் என்று நிறுவனங்கள் அஞ்சின. அந்த அச்சம் சரியானதே. 1925இல் கீத்துக்கே நேர்ந்தது அதுதான். தீர்வு உறையின் நீளத்தில் கிடைத்தது. ரெமிங்டன் நிறுவனம் உறையை ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் நீட்டியது. புதிய தோட்டா பழைய துப்பாக்கியில் நுழையவே செய்யாது. 1955இன் இறுதியில் உருவான .44 மேக்னம் 1956இல் விற்பனைக்கு வந்தது. 1971இல் வெளிவந்த 'டர்ட்டி ஹாரி' திரைப்படத்துக்குப் பின் அது உலகப்புகழ் பெற்றது.

தொழிற்சாலைத் தோட்டாவின் குண்டு மிக மென்மையான ஈயத்தால் ஆனது என்றும் குழலில் ஈயம் படிகிறது என்றும் கீத் குறைகூறினார். தமக்கு வேண்டியதைத் தாமே நிரப்பிக்கொண்டார்.

எழுத்தும் சர்ச்சையும்

இரண்டாம் உலகப் போரின்போது யூட்டா மாநிலத்தின் ஆக்டன் படைக்கலச் சாலையில் கீத் ஆய்வாளராகப் பணியாற்றினார். அவர் சரிபார்த்த துப்பாக்கிகளில் இடப்பட்ட ஓ.ஜி.இ.கே. என்னும் முத்திரையைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகின்றனர்.

போருக்குப் பின் பல இதழ்களில் எழுதினார். 1955இல் வெளிவந்த 'சிக்ஸ்கன்ஸ்' இவரது முதன்மை நூலாகக் கருதப்படுகிறது. 1974இலும் 1979இலும் தன்வரலாற்று நூல்கள் வெளிவந்தன. அகன்ற தொப்பியணிந்த குள்ளமான உருவம் இதழ்களின் வாசகர்களுக்கு நன்கு பழக்கமானது. நடை கரடுமுரடானது, இலக்கணத்தைப் பதிப்பாசிரியர்களே சீர்செய்ய வேண்டியிருந்தது. கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஜாக் ஓகானர் என்னும் எழுத்தாளருடன் அவர் நடத்திய நீண்ட வாதம் பெயர்பெற்றது. விரைந்து செல்லும் சிறிய குண்டே மேல் என்றார் ஓகானர். பெரிய, கனமான குண்டே மேல் என்றார் கீத்.

நண்பர் ஒருவர் சுட்டுக் காயப்படுத்திய மானைத் தாம் .44 மேக்னம் சுழல்துப்பாக்கியால் ஏறத்தாழ 600 கெஜத் தொலைவில் வீழ்த்தியதாகக் கீத் எழுதியது மிகுந்த ஐயத்துக்கு உள்ளானது. பலர் அவரைப் பொய்யர் என்றனர். முதல் சில குண்டுகள் தவறியதையும், அவை விழுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து நோக்கைத் திருத்தியதையும் அவரே தம் எழுத்தில் சொல்லியிருந்தார் என்பதைக் குறைகூறுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். தொலைவுச் சுடுதலுக்கெனத் துப்பாக்கியின் முன்குறியில் பொற்கோடுகள் பதித்து, அவற்றை அளவுகோலாகக் கொண்டு பழகியவர் அவர்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் தோட்டா தயாரிப்பு 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றே செய்யக்கூடியது. எனவே அமெரிக்காவில் சமையலறை மேசையில் வளர்ந்த மீள நிரப்பும் பழக்கம் இங்கு வேரூன்றவில்லை. எனினும் மென்மையான தட்டைக்குண்டு இந்திய விளையாட்டு வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்னும் பழைய சுழல்துப்பாக்கித் தோட்டாவே. வாய்மட்டம்வரை செருகிய தட்டைக்குண்டு, குறைந்த மருந்து. இப்போட்டியில் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றார். 2006 தோகா ஆசிய விளையாட்டுகளில் 590 புள்ளிகள் எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்து மீண்டும் தங்கம் வென்றார்.

இறுதிக்காலம்

1973இல் சிறந்த அமெரிக்கக் கைத்துப்பாக்கியாளருக்கான விருது தொடங்கப்பட்டபோது அதன் முதல் விருதாளராகக் கீத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981இல் பக்கவாதம் தாக்கியபின் அவரால் எழுத இயலவில்லை. 1984 பெப்ரவரி 14 அன்று, 84ஆம் வயதில் காலமானார்.

அவரது துப்பாக்கித் தொகுப்பு சிலகாலம் ஐடகோ மாநிலத் தலைநகர் பாய்சியில், ஒரு வேட்டைப்பொருள் அங்காடியில் அமைந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2015இல் அதன் பெரும்பகுதி ஏலத்தில் விற்கப்பட்டது.